ஒன்பது மணிக்கு வந்த எம்.பி.

எங்கள் ஊரில் கூட்டம் ஒன்பது மணிக்கு என்று அறிவித்தால் பதினொரு மணிக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. வருகிற பெரிய மனிதர்கள்தான் எங்களை அப்படிப் பழக்கிவைத்தார்கள். ஒரு முறை அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று பாண்ட் வாத்தியப் பிள்ளைகளைக் காலையிலேயே றோட்டோரம் வெயிலில் நிறுத்தினோம். அவர் மத்தியானம் வந்தார். வாகனத்தின் கண்ணாடியைக்கூட இறக்காமல் கையசைத்துவிட்டுப் போனார். மேளம் அடித்த பிள்ளை மயங்கி விழுந்தது. அதற்குப் பிறகு ஊர் தானாகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஒன்பது என்று சொல்வோம். பத்து மணிக்குத்தான் ஆட்கள் கிணற்றடிக்குக் குளிக்கப் போவார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை, அந்தப் புரட்டாதிச் சனிக்கிழமை வரும்வரை.

நான் அப்போது எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தின் செயலாளர். இப்போதும் நான்தான், வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க வருகிறார்கள் இல்லை. என்னுடைய வாய்க்குப் பயந்துதான் என்னைச் செயலாளராக்கினார்கள் என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. நெடுங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுப் பக்கமாக ஓட்டோவில் உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஒரு குளம், குளத்தின் கீழ் வயல், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பொதுநோக்கு மண்டபம். மண்டபத்துப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. ஆகவே கூட்டுவது, கதிரை அடுக்குவது, தேத்தண்ணி வைப்பது எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அந்த முறை புதிதாகப் பாராளுமன்றம் போன ஒரு எம்.பி. வருவதாக இருந்தது. அங்கே என்ன நடக்கிறது, எந்தெந்தச் சட்டத்துக்காகத் தான் முயற்சி செய்கிறார் என்பதையெல்லாம் சனத்துக்கு நேரே சொல்லப் போகிறாராம். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். தங்கமான மனிதர்தான், ஆனால் மைக் கையில் கிடைத்தால் கழற்றி எடுக்க முடியாது. நிகழ்ச்சி நிரலை அவர்தான் எழுதினார். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை போர்த்தல், எம்.பி.யின் உரை, நன்றியுரை.

"சனம் கேள்வி கேக்கிறது இதில எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நேரமிருந்தால் கேக்கலாம் பிள்ளை" என்றார்.

"உங்கட தலைமையுரை முடிய எங்க நேரமிருக்கப் போகுது?"

அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி நேரம் கட்டாயம் தேவைப்பட்டது, எனக்காக அல்ல, என் மச்சாளுக்காக.

மச்சாள் என் கணவரின் ஒரே தங்கை. அவர்களின் அப்பா, என் மாமா, காடு வெட்டித் திருத்திய வயலை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம், காட்டு விளிம்பில் இருக்கிறது அது. யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, எங்கெங்கோ எல்லாம் இருந்து, கடைசியில் முகாமிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வயலில் ஆளுயரத்துக்கு மேல் மரம் நின்றது. வெட்டித் திருத்த வழி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வனத் திணைக்களக்காரர் எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. மச்சாளின் வயல் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. மாமாவின் காணிப் பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. தன் சொந்த வயலில் பற்றை வெட்டப் போன ஊரவர் ஒருவர் வழக்கில் மாட்டிக் கோட்டுக்கு அலைந்ததைப் பார்த்த பிறகு யாரும் அந்தப் பக்கம் கத்தியோடு போவதில்லை.

அவளுடைய புருஷன் சிறுநீரக வருத்தத்தில் செத்துப்போனார். இரண்டு பெண் பிள்ளைகள். மச்சாள் மற்றவர்களின் தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போனாள். எங்களுக்குக் குளத்தின் கீழ் இருக்கிற வயல் எங்கள் அடுப்புக்கே மட்டுமட்டு. கொடுத்தாலும் வாங்கமாட்டாள், அவளுக்கு அவளுடைய அப்பாவின் ரோசம். கடைசியில் வவுனியாவில் உள்ள ஒரு ஏஜென்டிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை. பிள்ளைகள் இரண்டும் என்னோடு இருக்கும் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள், என்னைக் கேட்காமலே. கேட்டிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவள். அதை நரகம் என்று சொல்லமாட்டேன். நான் இருந்த வீட்டுக்காரி எனக்குச் சாப்பாடு தந்தாள், அடிக்கவில்லை. ஆனால் நான் திரும்பி வந்து இறங்கிய அன்று என் மகன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆர் இந்த அன்ரி?" என்று என் கணவரைக் கேட்டான். பெட்டியில் கொண்டுவந்த சொக்லேட் அவ்வளவையும் தூக்கிக் கிணற்றுக்குள் எறிய வேண்டும் போலிருந்தது. அவன் இப்போது வளர்ந்துவிட்டான், என்னோடு நல்ல வாரப்பாடு. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை. இதையெல்லாம் மச்சாளுக்குச் சொல்லிப் போகாதே என்று மறிக்க எனக்கு ஆசை. போகாமல் என்ன செய்வது என்று அவள் கேட்டால் பதில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் ஒருநாள் சொன்னாள். "எம்.பி. வரட்டும் மச்சாள். ஒரே ஒரு கேள்விதான் கேப்பன். இந்த மாரி மழையோட, காலபோகத்துக்கு என்ர வயலை விதைக்கலாமோ, இல்லையோ? விதைக்கலாமெண்டால் நிக்கிறன். ஏலாதெண்டால் போறன். ஏஜென்டுக்கும் மாத முடிவில சொல்லுறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் தலைவரோடு மல்லுக்கட்டினேன்.

சனிக்கிழமை காலை மண்டபத்தைத் திறந்து கூட்டத் தொடங்கினேன். வெளவால் எச்சம் ஒரு பக்கம், பழைய கூட்டத்துப் பூச்சரத்தின் சருகு ஒரு பக்கம். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றபோது ஒரு ஆண் குரல் கேட்டது.

"கூட்டம் இஞ்சதானே?"

"இஞ்சதான்" என்றேன், திரும்பாமலே. "ஒன்பதெண்டால் பதினொண்டெண்டு தெரியாதே? எந்த ஊர் நீங்கள்?"

"வவுனியாப் பக்கம்."

"அதுதான் பாத்தன். வந்தது வந்திட்டியள், சும்மா நிக்காமல் உந்தக் கதிரையள எடுத்துப் போடுங்கோ. எம்.பி. மகராசன் இப்போதைக்கு வரமாட்டார். அவர் எழும்பி, குளிச்சு, பவுடர் போட்டு வெளிக்கிட மத்தியானமாகும்."

கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. நல்ல மனிதன், சொன்ன உடனே செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கூட்டி முடித்துத் திரும்பினால், ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரை ஒவ்வொன்றையும் தன் கைலேஞ்சியால் தூசு தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். தேர்தல் நேரத்தில் எங்கள் சந்திக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் அந்த முகத்தைப் பார்த்திருந்தேன். போஸ்டரில் தலைமயிர் கொஞ்சம் அதிகம். வாசலில் அவருடைய றைவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

விளக்குமாறு என் கையை விட்டு விழுந்தது.

"ஐயோ, சேர்..."

"பரவாயில்லை அக்கா. எத்தினை வரிசை போட?"

என் வாய்க்குப் பூட்டு விழுந்தது அன்றைக்குத்தான். என் கணவர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் வரம்பு வெட்டப் போயிருந்தார்.

தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர் மாலை வாங்கவும் சலூனுக்குமாக நெடுங்கேணியில் நின்றார். "எம்.பி. வந்து நிக்கிறார்" என்றேன். "விடியக்காலமை பகிடி விடாதை பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒலிபெருக்கிக்காரனும் வந்திருக்கவில்லை. எம்.பி.யோ பதினொன்றரைக்கு இன்னொரு ஊரில் நிற்க வேண்டுமாம். அங்கேயும் நேரத்துக்கே போவாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதன் நேரத்துக்கு வந்ததே மச்சாளின் கேள்விக்கு உலை வைக்கப் போகிறது என்று நினைத்தேன்.

"சனத்தைக் கூப்பிட ஒரு வழியும் இல்லையோ அக்கா?" என்று அவர் கேட்டார்.

ஒரு வழி இருந்தது. யோசித்துப் பார்த்தால் செய்திருக்கமாட்டேன். மண்டபத்துப் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பழைய எண்ணெய்த் தகரப் பரலை, கையில் கிடைத்த பொல்லால் அடி அடி என்று அடித்தேன். எங்கள் ஊரில் அந்தத் தகரத்தை ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அடிப்போம்.

கொஞ்ச நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தது. தடியோடு வந்தார்கள், யானை வெடியோடு வந்தார்கள், லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏறி நின்றுகொண்டு வந்தார்கள். சவர்க்கார நுரையோடு ஒருவர், மாப்பிசைந்த கையோடு ஒரு பெண். "எங்க நிக்குது? எந்தப் பக்கம் இறங்கினது?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"யானை இல்லை" என்றேன். "எம்.பி."

தூக்கிய தடிகள் கீழே இறங்கின. பிறகு எங்கள் சந்திக் கடைக்காரர் கையிலிருந்த வெடியைப் பார்த்துவிட்டு, "யானையெண்டால் கலைச்சு விட்டிருக்கலாம். இதுக்கு என்ன செய்யிறது?" என்றார். முதலில் சிரித்தது எம்.பி.தான். அதற்குப் பிறகு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், பயத்தில்.

சேற்றுக் காலோடு மண்டபத்துக்குள் வர யாரும் விரும்பவில்லை. ஆகவே அவர் ஒரு கதிரையை வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தின் கீழ் போட்டு உட்கார்ந்தார். சனம் மண்ணிலும் மதகிலும் சைக்கிள் பாரிலுமாக அவரைச் சுற்றி உட்கார்ந்தது. விளக்கு இல்லை, நடனம் இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு எம்.பி.யோடு எங்கள் ஊர் இப்படி உட்கார்ந்து கதைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததேயில்லை.

"மாதத்தில ஒரு ஊருக்கு வந்து, அங்க நான் என்ன செய்யிறன் எண்டு சொல்லுறதாச் சொல்லித்தான் வோட்டுக் கேட்டனான்" என்று அவர் தொடங்கினார். "பாராளுமன்றத்தில கனக்க விசயம் நடக்குது. எல்லாத்தையும் சொல்லி உங்களைக் களைப்பாக்க ஏலாது. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது மூண்டு விசயம்."

யானை அழித்த பயிருக்கு இழப்பீடு கெதியாகக் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. அதைச் சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திணைக்களங்களில் இருந்து எங்களுக்கு வருகிற கடிதங்கள் தமிழில் வர வேண்டும் என்பது அடுத்தது. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறதாம், செய்விக்கத்தான் ஆளில்லையாம். மூன்றாவதைச் சொல்ல முன்னம் அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு முதல் வேலை காணிதான். யுத்தத்துக்கு முதல் நீங்கள் பயிர் செய்த காணி காட்டெல்லைக்குள்ள போயிருந்தால், அதைத் திருப்பித் தாறதுக்கு ஒரு சட்டத் திருத்தம் வேணும். நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

பிறகு ஒரு சட்டம் எப்படி உண்டாகிறது என்று சொன்னார். எழுத வேண்டும், அரசாங்க வர்த்தமானியில் வர வேண்டும், முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, விவாதம், குழு, மூன்றாம் வாசிப்பு. இடையில் யாரும் வழக்குப் போட்டால் அதுவும் முடிய வேண்டும். குளத்தடியில் வயல் செய்கிற பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உந்த வாசிப்பெல்லாம் எங்களுக்கு விளங்காது. வயலெண்டு வைச்சுக்கொண்டால் அது இப்ப எங்க நிக்குது? பயிர் குடலையோ, கதிரோ?"

எம்.பி. அவர் பக்கம் திரும்பினார். "உழவே தொடங்கேல்லை ஐயா. இப்பதான் பற்றை வெட்டிக்கொண்டு நிக்கிறம்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போதுதான் மச்சாள் வந்து சேர்ந்தாள். கச்சான் தோட்டத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். கையெல்லாம் செம்மண். பின்னால் நின்றவளை நான் பிடித்து முன்னால் தள்ளினேன். "கேள்" என்றேன். இரவிரவாகப் பாடமாக்கியிருந்த பேச்சு ஒன்று அவளிடம் இருந்தது எனக்குத் தெரியும். அது முழுவதும் அவளுக்கு மறந்துபோய்விட்டது.

"சேர், என்ர வயல் அந்தப் பக்கம் போட்டுது" என்றாள். "இந்தக் காலபோகத்துக்கு விதைக்கலாமோ, இல்லையோ?"

எத்தனையோ பேர் எங்கள் ஊரில் வந்து எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். தேர்தல் முடிய எல்லாம் சரிவரும் என்றவர்கள், கல்லைத் தானே பிடுங்கி எறிவேன் என்றவர்கள், நீங்கள் விதையுங்கள், வருகிறதை நான் பார்க்கிறேன் என்றவர்கள். இவரும் அப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும், பொய்யென்றாலும் பரவாயில்லை, அவள் நிற்பாள் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"ஏலாது தங்கச்சி" என்றார் அவர். "இந்த முறை ஏலாது. அடுத்த முறை ஏலுமோ எண்டும் எனக்குத் தெரியாது. விதையுங்கோ எண்டு நான் இப்ப சொல்லிப்போட்டுப் போகலாம். நாளைக்குக் கோட்டில நிக்கிறது நீங்கள், நானில்லை."

மச்சாள் தலையை ஆட்டினாள். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவோமே, அப்படி. எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கத்தினேன். "ஏலாதெண்டு சொல்லுறதுக்கு எங்களுக்கு எம்.பி. வேணுமோ? அதை அந்தக் கல்லே சொல்லுது!"

என் கணவர் அப்போது வந்து சேர்ந்திருந்தார். மண்வெட்டியும் கையுமாக நின்று, தன்னோடு சம்பந்தமில்லாத பெண்ணைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். எம்.பி.க்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழும்பவில்லை.

"நீங்கள் பேசுறது சரி அக்கா. ஆனால் இன்னும் ஒண்டு இருக்கு, அதையும் கேட்டிட்டுப் பேசுங்கோ" என்றார். "போன அமர்வில நான் இந்தக் காணியளைப் பற்றிக் கேள்வி கேட்டனான். என்ன பதில் வந்ததெண்டால், அந்தக் காணியளுக்குச் சொந்தம் கேக்க அங்க இப்ப ஆக்கள் இல்லையாம். பாதிப்பேர் வெளிநாடு, மிச்சப்பேர் ரவுண் வழிய போட்டினமாம். என்னட்டத் திருப்பிச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை. எனக்கு ஊரின்ர பேர் தெரியும். ஒரு ஆளைத் தெரியாது."

பின்னால் நின்றவர்களும் கிட்ட வர, அவர் தொடர்ந்து சொன்னார்.

"தை பிறக்க, எல்லாத் திணைக்களக்காரரும் சேர்ந்து காணி காணியா வந்து பாக்கப் போகினம். அந்தளவுக்குத்தான் இப்ப நாங்கள் சம்மதம் எடுத்திருக்கிறம். அண்டைக்குக் காணிக்காரர் அந்தக் காணியில நிக்க வேணும். நிண்டு, இதுதான் என்ர வரம்பு, இதுதான் நாங்கள் வெட்டின கிணறு எண்டு காட்ட வேணும். ஆள் நிண்ட காணிக்கு நான் அங்க வாய் திறக்கலாம். ஆள் நிக்காத காணிக்கு நான் எவ்வளவு கத்தியும் பிரயோசனமில்லை. கிடைக்குமெண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் நில்லுங்கோ."

குவைத் கதை அவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மச்சாளைப் பார்த்தார்கள். அவள் கையில் ஒட்டிக் காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"நிக்கிறதெண்டால் சாப்பிட வேணுமே சேர்" என்றாள் மெதுவாக.

அதற்குப் பதில் சொன்னது எம்.பி. அல்ல, துவாய்க்காரப் பெரியவர். அவருடைய மகன் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு குளத்தின் கீழ் ஒரு துண்டு வயல் போன போகமும் தரிசாகக் கிடந்தது. "பிள்ளை, என்ர மேட்டுத்துண்டை வாரத்துக்குச் செய்" என்றார். "விளைஞ்சதில பாதி தா. விளையேல்லையெண்டால் ஒண்டும் வேண்டாம். உன்ர கொப்பர் எனக்கு எத்தினை நாள் உழவுக்கு மாடு தந்தவர். அதை நான் மறக்கேல்லை."

பொன்னாடையும் மைக்கும் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் கடைசிக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். மச்சாளுக்குச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்ற விஷயமே அந்தச் சபையில் வந்திருக்காது.

எம்.பி. எழும்பி வாகனத்தில் ஏறப் போன நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார். புதுச் சட்டை, மழித்த முகம், கழுத்தில் ஒரு வெட்டுக் காயம், கையில் ரோசாப்பூ மாலை. அவருக்குப் பின்னால் சரிகைப் பாவாடையில் நடனப் பிள்ளைகள். நிலைமையைப் பார்த்ததும் அவருடைய முகம் தொங்கிப்போனது. எம்.பி. இறங்கி வந்து, "ஐயா, போடுங்கோ" என்று தலையைக் குனிந்துகொடுத்தார். மாலை விழுந்தது, நாங்கள் கை தட்டினோம், வாகனம் போனது. தலைவர் மூன்று நாள் கண்முழித்து எழுதிய உரை பாழாகப்போகக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தோம். அவர் வரவேற்புரையையும் தலைமையுரையையும் ஆளில்லாத கதிரையைப் பார்த்து முழுவதும் வாசித்தார். பிள்ளைகள் ஆடினார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அன்றோடு எனக்கும் அவருக்கும் இருந்த கோபமும் தீர்ந்தது.

மத்தியானம் மச்சாள் என் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் என் மனதுக்காக முடிவெடுத்துவிடுவாளோ என்று பயம். சோறு போட்டுக் கொடுத்தேன். தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்து வவுனியாவுக்கு அடித்தாள்.

"அண்ணை, பாஸ்போட்டை வைச்சிருங்கோ, நான் வந்து எடுக்கிறன்... இல்லை, போகேல்லை... வீட்டில ஒருதரும் மறிக்கேல்லை, நானாத்தான்... ஓம், தெரியும், பேந்து இப்பிடி ஒரு இடம் வராதெண்டு தெரியும்."

போனை வைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு அழுதேன். அடுப்பு அப்போது எரியவேயில்லை, அதை அவளும் பார்த்தாள்.

அந்த முறை மழை பிந்தினாலும் ஏமாற்றவில்லை. மேட்டுத்துண்டு நன்றாக விளைந்தது என்று சொல்ல முடியாது. பெரியவருக்குப் பங்கு கொடுத்து, வீட்டுக்கு ஒதுக்கி, மூத்தவளின் ரியூசனுக்கும் பார்த்து அவள் சமாளித்தாள். கச்சான் தோட்டத்துக் கூலியும் நிற்கவில்லை. சில நாள் மிகவும் களைத்துப்போய் வந்து, "பேசாமல் போயிருக்கலாம் மச்சாள்" என்றும் சொல்லியிருக்கிறாள். எம்.பி. இடையில் ஒருமுறை வந்தார். சட்டம் இன்னும் எழுத்தில்தான் இருக்கிறது என்று அதே நேரான குரலில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இப்போது அவர்மேல் கோபம் இல்லை. நல்ல செய்தி கொண்டுவராத ஒருவரை எங்கள் ஊர் எதிர்பார்த்து நிற்பதைக் கண்டால் எனக்கே அதிசயமாக இருக்கிறது.

அவர் சொன்ன குழு தைப்பொங்கல் முடிந்து வந்தது. ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். கிராம அலுவலர் முன்னால் நடந்தார். காணிக்காரர் வராத துண்டுகளை அவர்கள் நின்றுகூடப் பார்க்காமல் கடந்து போனார்கள். அந்தத் துண்டுகளின் சொந்தக்காரரில் ஒருத்தி என்னோடு படித்தவள், இப்போது டோகாவில் இருக்கிறாள். என்னால் அவளுக்காக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மச்சாளின் இடத்துக்கு வந்தோம். வயல் என்று சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு காடு. மச்சாளும் என் கணவரும் நானும் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றோம். மாமா கட்டிய வரம்பு வேருக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. கிணறு தூர்ந்துபோயிருந்தது, ஆனால் கட்டு இருந்தது. கையில் ஏதோ கருவியோடு வந்த அதிகாரி ஒருவர் நின்று, "இது யாருடைய காணி?" என்று கேட்டார். தமிழ் அவருக்குக் கொஞ்சம் தடக்கியது, ஆனாலும் கேட்டார்.

என் கணவர் வழக்கம்போல ஒரு அடி முன்னால் வைத்து, "எங்கட அப்பா..." என்று தொடங்கினார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அண்ணனை அவள் அப்படி இழுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"என்ர காணி சேர்" என்றாள். "நான்தான் காணிக்காரி."

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப எங்கே இருக்கிறீர்கள்?"

மச்சாள் கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டாள். "இஞ்சதான் சேர்" என்றாள். "நான் ஒரு இடமும் போகேல்லை."